ஒரு குறையுமில்லை

சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
3-3-1974

அன்புள்ள தம்பி அமிர்தநாதனுக்கு, அக்கா கத்தரீனாள் ஆசீரோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், ஒரு குறையுமில்லை. உன் உடம்பு எப்படி? டெல்லிக் குளிர் விட்டதா? போன தடவை எழுதிய இருமல் போய்விட்டதா?

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசித் தபசு காலம் தொடங்கிவிட்டது. மறுநாள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனால் ஒரே மூடுபனி. முன்னால் போகிறவர்களின் கூடை மட்டும் தெரிகிறது, ஆளைக் காணோம். கூடைகள் தாமாகவே வரிசை கட்டி மலையேறுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நானும் பின்னால் வருகிறவளுக்கு வெறும் கூடைதானே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

லண்டனில் ஒருவர் விரலை வைத்தால் உன் ஆபீஸ் மிஷினில் எழுத்து விழும் என்று எழுதியிருந்தாய். லயத்து வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிற பெண்கள், "எக்கா, நம்ம கடுதாசியையும் அந்த மிசினுல போடச் சொல்லும், வெரசாப் போவும்லா" என்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. உன் வேலை நிலைத்துவிட்டால் எனக்கு வேறு கவலை இல்லை.

எழுத மறந்தேன். பொங்கலிலிருந்து கம்பெனி வார அரிசியைப் பாதியாக்கிவிட்டது. வரத்து இல்லையாம். அடுத்த வீட்டு மூக்கம்மாளுக்குப் பால் வற்றிவிட்டது. கைப்பிள்ளை பேச்சிமுத்து விடாமல் அழுகிறான். வேறு விசேஷமில்லை.

உன் அக்கா,
கத்தரீனாள்


டெல்லி,
12-3-1974

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இருமல் போய்விட்டது, நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லயத்தில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

மத்தியானத்தில் ஆபீசில் நான் மட்டும் இருப்பேன். வெளியே வெயில், உள்ளே மின்விசிறி. திடீரென்று மிஷின் தானாகப் பேச ஆரம்பிக்கும். சைகோன், பெய்ரூட், சாண்டியாகோ என்று ஊர்ப்பெயர்கள் காகிதத்தில் வந்து விழும். தூக்கக் கலக்கத்தில் அவை நம் மலைக்குப் பின்னால் இருக்கிற ஊர்கள் என்றே தோன்றும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ எப்போதும் முக்கியமான விஷயத்தைக் கடிதத்தின் வாலில் வைக்கிறாய். பத்திரிகையில் விளம்பரத்துக்குப் போக மிஞ்சிய இடம்தான் செய்திக்கு. இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். அதனால் செத்தவன் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும், மழை பெய்த கதை கடைசியில். உன் கடிதம் எங்கள் ஆபீசுக்கு வந்தால் மூக்கம்மாள் போய்விடுவாள், மூடுபனி நிற்கும்.

எங்கள் பத்திரிகையின் டெல்லி நிருபர் ஹார்ட்லிக்கு லண்டன் தலைமை ஆபீசிலிருந்து இந்த வருஷம் ஒரே கேள்விதான்: இந்தியாவில் பசி எங்கே? போன வருஷம் வெள்ளம் கேட்டார்கள், இப்போது பசி. உன் கடிதத்தின் வாலை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தெற்கே வருகிறார். நான் மிஷினை விட்டு வர முடியாது. என் வேலை ஜூன் முடிய தற்காலிகம்தான், பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று லண்டன் சொல்லும். அவர் நல்ல மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்.

அன்புத் தம்பி,
அமிர்தநாதன்


சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
24-3-1974

அன்புள்ள தம்பிக்கு, ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், ஒரு குறையுமில்லை. நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் துரை வெள்ளிக்கிழமை வந்தார். மார்ச்சில் இந்த நேரத்துக்குப் பனி விலகியிருக்க வேண்டும், அன்றைக்கு விலகவே இல்லை. ஜீப் சத்தம் கேட்டது, ஜீப் தெரியவில்லை. பிறகு ஒரு சிவந்த முகம் மட்டும் வந்தது, அப்புறம் காமிரா, கடைசியில்தான் கால். பாவம், சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்தார். கடுங்காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, நீ குடிக்கவில்லையா என்று கையால் கேட்டார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டேன்.

கூட வந்த கோட்டயத்து டிரைவர்தான் துபாஷி. "சேச்சி, ஊணு எப்போள் கழிச்சு?" என்று மலையாளத்தில் கேட்டார், எப்போது சாப்பிட்டேன் என்று. "நேத்து மத்தியானம்" என்றேன். அதை அவர் இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் மாறிவிட்டது. என்னைக் கதவோரம் நிற்க வைத்து ஒரே படம் எடுத்தார். கண் கூசியது.

தம்பி, நான் ஒருசந்தி. நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், நேர்ச்சை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒருசந்தி இருப்பதை ஊருக்குச் சொன்னால் பலன் போய்விடும் என்று உனக்கும் தெரியும், நம் அம்மா அப்படித்தான் வளர்த்தாள். உன்னிடம் சொல்லலாம், நீ ஊர் இல்லை. யாருக்காக என்று மட்டும் கேட்காதே.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூக்கம்மாள் பிள்ளையோடு அடுத்த கதவில்தான் நின்றுகொண்டிருந்தாள். பனியில் அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

உன் அக்கா,
கத்தரீனாள்


டெல்லி,
5-4-1974

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். நீ ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இரண்டு வேளை இறங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் படம் கடல் தாண்டிப் போய்விட்டது. சர்க்கார் தந்தி ஆபீசுக்கு நானே எடுத்துப் போனேன். படத்தை ஓர் உருளையில் சுற்றுகிறார்கள். உருளை மெதுவாகச் சுற்றுகிறது, ஒரு சிறு வெளிச்சம் அதன் மேல் ஊர்ந்து போகிறது. கோடு கோடாக அங்கே உன்னை மறுபடி எழுதுகிறார்கள். முதலில் உன் முக்காடு போயிற்று, பிறகு நெற்றி, பிறகு கண். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கப்பலேற்றி அனுப்புவது போல இருந்தது, அழுதுவிட்டேன்.

படத்தின் அடியில், "இரண்டு நாளுக்கு ஒரு வேளை: விருந்தினருக்குப் பானம் தந்துவிட்டுத் தான் பட்டினி நிற்கும் தேயிலைத் தொழிலாளி" என்று போட்டிருக்கிறார்கள். ஹார்ட்லிக்கு லண்டனிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. என் தோளைத் தட்டி, "உன் அக்கா என்று லண்டனுக்குச் சொன்னேன், ஜூனில் நல்லது நடக்கும்" என்றார்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படம் போனது திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு முழுக்க இருந்தது, சொல்லியிருக்கலாம். உனக்கு ஒருசந்தியாக இருந்தாலும் லயத்தில் பசி இருப்பது மெய்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் செய்தது சரியா?

அன்புத் தம்பி,
அமிர்தநாதன்


சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
28-4-1974

அன்புள்ள தம்பிக்கு, உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் உனக்கு உண்டாவதாக. இங்கே எல்லாரும் சுகம், ஒரு குறையுமில்லை. இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, மெய்யாகவே எழுதுகிறேன்.

பெரிய வியாழனுக்கு மூன்று நாள் முன்னால் லாரி வந்தது. முழு அரிசி! மூன்று வாரமாக முழு அளவு தருகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் கண்காணி கருத்தப்பாண்டிதான் வந்து சொன்னார்: "ஏளா கத்தரீனா, ஒம் மூஞ்சி சீமைக் கடுதாசியில வந்திருக்காம்லா. நம்ம எஸ்டேட் தொரை பார்த்துட்டு மூணு நாளா ஒறங்கலையாம்." லயமே சிரித்தது. வழியில் பார்க்கிற பெண்களெல்லாம், "எக்கா, இன்னொரு தடவ மூஞ்சியத் தொங்கப் போட்டு நில்லும், எண்ணெயும் வரட்டும்" என்று கேலி செய்கிறார்கள்.

மூக்கம்மாளுக்குக் கொஞ்சம் பால் ஊறுகிறது. பேச்சிமுத்து இப்போது அழுவதில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நேற்று என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நீ செய்தது சரியா என்று கேட்டாய். தெரியவில்லை. பொய்ப் படம் மெய் அரிசியைக் கொண்டு வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், சொல்லாமலே வந்துவிட்டேன். சாயங்காலம் பனி இறங்கும்போது, என் முகம் கோடு கோடாகக் கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். இன்னும் போய்ச் சேரவில்லை போல ஒரு மயக்கம்.

உன் அக்கா,
கத்தரீனாள்


டெல்லி,
15-5-1974

அன்புள்ள அக்காவுக்கு, நலம். வெயில் தாங்க முடியவில்லை. பேச்சிமுத்து விரலைப் பிடித்ததைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

ஒரு சிக்கல். உங்கள் தேயிலைக் கம்பெனி லண்டனில் எங்கள் பத்திரிகைக்கு வாரம் தவறாமல் அரைப் பக்க விளம்பரம் தருகிறது. படம் வந்த வாரத்திலிருந்து விளம்பரம் வரவில்லை. இங்கே ஒரு சர்க்கார் அதிகாரி ஹார்ட்லியைத் தேநீருக்குக் கூப்பிட்டார். பசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். நீங்கள் இந்தியாவில் தங்கும் அனுமதி எப்போது முடிகிறது என்று மட்டும் விசாரித்தாராம்.

நேற்று லண்டன் மிஷினில் கேட்டது: அந்தப் பெண் மெய்யாகவே பட்டினியா? ஹார்ட்லி என்னிடம் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். "நான் கேட்கும்போது உன் அக்கா ஏன் சொல்லவில்லை?" என்றார். ஊருக்குச் சொன்னால் பலன் போய்விடும் என்று விளக்கினேன். இங்கிலீஷில் அது பொய் போல ஒலித்தது.

உன் கைப்பட ஒரு கடிதம் வேண்டுமாம், பத்திரிகைக்கு. உண்மை எதுவோ அதை எழுது, நான் மொழிபெயர்க்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது.

அன்புத் தம்பி,
அமிர்தநாதன்


சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
26-5-1974

லண்டன் பத்திரிகை ஆபீஸ் பெரியவர்களுக்கு, ஏலப்பாறை மேல் டிவிஷன் ஐந்தாம் லயத்தில் இருக்கும் கத்தரீனாள் வணக்கமாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், ஒரு குறையுமில்லை. உங்கள் சுகத்தையும் உங்கள் வீட்டார் சுகத்தையும் அறிய விருப்பம். எங்கள் தேயிலை உங்களுக்கு ருசியாக இருக்கிறதா?

படத்தில் இருப்பது நான்தான். அன்றைக்கு நான் பட்டினி இல்லை, ஒருசந்தி இருந்தேன். என் தம்பிக்கு டெல்லியில் வேலை நிலைக்க வேண்டும் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நாற்பது நாள் இருந்தேன். உங்கள் துரை பொய் எழுதவில்லை. நான்தான் சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடும். இப்போது சொல்லிவிட்டேன், போனால் போகட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருசந்தி இருக்கிறவளுக்கு நாளை மத்தியானம் சோறு உண்டு என்று தெரியும். பட்டினி கிடக்கிறவளுக்குத் தெரியாது. என் அடுத்த வீட்டில் மூக்கம்மாள் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். அரிசியைப் பாதியாக்கியபோது அவளுக்குப் பால் வற்றிப்போனது. உங்கள் துரை அடுத்த கதவைப் பார்த்திருந்தால் அவளைத்தான் படம் எடுத்திருப்பார். ஐந்தாம் லயத்தில் பன்னிரண்டு கதவு, என்னுடையதைத் தவிர எல்லாக் கதவிலும் அன்றைக்குப் பசி இருந்தது. என் படத்தை எடுத்துவிட்டு அவர்கள் படத்தைப் போடுங்கள். அரிசியை மறுபடி குறைத்துவிட வேண்டாம் என்று கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கத்தரீனாள்


சேசு மரி சூசை துணை

ஏலப்பாறை,
30-6-1974

அன்புள்ள தம்பிக்கு, ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே மழை பிடித்துவிட்டது. சட்டி, பானை, குடை எல்லாம் ஒரே ஈரம்.

புதன்கிழமை எஸ்டேட் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டார். துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. லண்டன் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டத்தில் என் பெயர் இருந்தது. கிளார்க் படித்துத் தமிழில் சொன்னார்: "கத்தரீனாள் என்ற தொழிலாளி எங்களுக்கு எழுதுகிறார். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், ஒரு குறையுமில்லை. உங்கள் சுகத்தை அறிய விருப்பம். எங்கள் தேயிலை உங்களுக்கு ருசியாக இருக்கிறதா? படத்தில் இருப்பது நான்தான். அன்றைக்கு நான் பட்டினி இல்லை, மத நோன்பு இருந்தேன்." அவ்வளவுதான். "மிச்சம் எங்கே, ஐயா?" என்று கேட்டேன். "இவ்வளவுதாம்மா போட்டிருக்கு" என்றார்.

துரை என் கையைக் குலுக்கி ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தார். வெளியே வந்தேன். மழையில் எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் நின்றேன், பிறகு கால்கள் தாமாகவே லயத்துக்குக் கூட்டி வந்தன.

சனிக்கிழமை அரிசி பாதிதான் அளந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. மூக்கம்மாள் மட்டும், "நல்லாத்தானக்கா எழுதியிருக்கிய, எல்லாரும் சொகம்னு" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன நடந்தது என்று எழுது.

உன் அக்கா,
கத்தரீனாள்


டெல்லி,
14-7-1974

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம்.

உன் கடிதத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவும் இல்லை, விடவும் இல்லை, வரிசையை மாற்றவும் இல்லை. நானே மிஷினில் தட்டினேன். லண்டனில் நாலு அங்குலம்தான் இடம் இருந்ததாம். கீழேயிருந்து வெட்டியிருக்கிறார்கள். அது அவர்கள் வழக்கம், யார் மேலும் கோபம் இல்லை. விளம்பரம் மறுபடி வருகிறது. ஹார்ட்லியின் அனுமதியும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று. ஜூலை முதல் தேதியிலிருந்து என் வேலை நிரந்தரம். நீ மாதாவிடம் கேட்டது கிடைத்துவிட்டது. உனக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கிறேன், மழைக்கு உதவும்.

மத்தியானங்களில் மிஷின் இப்போதும் பேசுகிறது. முன்போல ஊர்ப்பெயர்களைப் படிக்கத் தோன்றுவதில்லை. காகிதத்தைக் கிழித்து மேசையில் வைத்துவிடுகிறேன்.

அன்புத் தம்பி,
அமிர்தநாதன்


ஏலப்பாறை,
4-8-1974

மூக்கம்மாளின் கைப்பிள்ளை பேச்சிமுத்து செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனான். வயது பத்து மாதம். ஐந்தாம் லயம், ஏழாம் கதவு. காரணம் பசி. மழையென்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள்.

தம்பி, நீ சொல்லிக் கொடுத்தபடியே இந்தத் தடவை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

உன் போர்வை வந்தது. அதில்தான் பிள்ளையைச் சுற்றிக் கொண்டு போனோம். குழி தோண்டிய இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பனியில் நாலு பேர் போனோம், திரும்பி வரும்போது யார் யார் என்று தெரியவில்லை. மூக்கம்மாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மிச்ச இரண்டு பிள்ளைகளோடு மலையிறங்கி கம்பம் பக்கம் வேலை தேடிப் போகிறாளாம்.

ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, வரிசையையும் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். எனக்கு வலிப்பது அதுதான். வாலை வெட்டுவார்கள் என்று எனக்குச் சொன்னவன் நீ. உன் மேல் மட்டும் பழி போட எனக்கு வாயில்லை. ஒரு குறையுமில்லை என்று எழுதியது என் கை. ஆயுசு முழுக்க எழுதிப் பழகிய கை, யோசிக்காமல் எழுதிவிட்டது. லண்டன்காரர்களுக்கு அது சேதி என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஊருக்குச் சொன்ன ஒருசந்திக்குப் பலன் கிடையாது. நான் கடல் கடந்து சொல்லிவிட்டேன், தெரிந்தேதான் சொன்னேன். பிறகும் உன் வேலை நிலைத்திருக்கிறது. அப்படியானால் அது என் ஒருசந்திக்குக் கிடைத்தது இல்லை. எதற்குக் கிடைத்தது என்று நீ யோசி.

லயத்துப் பெண்கள் இப்போதும் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். எல்லாருக்கும் விஷயத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். "என்னக்கா, தந்தி மாதிரி எழுதுதிய, சொகம் கேக்க மாட்டியளா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதற்கும் இடம் இருக்கிறது, கடைசியில் என்று சொல்லிவிடுகிறேன்.

இது கடைசி வரி. இடமில்லையென்றால் வெட்டிக்கொள். நான் சுகமாக இல்லை. நீ சுகமா, தம்பி?